முங்கிய படகை எடுப்பது எப்படி? புயலுக்குப் பின் நம் கரையில் கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி திரேஸ்புரம் முதல் நெல்லை மாவட்டக் கூட்டப்புளி வரை, புயலோ பெருமழையோ போன மறுவாரம் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தால் ஆள் மாறி ஆள் வந்து இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். 2017 ஒக்கிக்குப் பிறகும் அப்படித்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டிய 2023 டிசம்பர் மழைக்குப் பிறகும் அப்படித்தான். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். சட்டப் பிரிவு எண்கள் எதையும் தரவில்லை. 1958 வணிகக் கப்பல் சட்டம், 1908 துறைமுகச் சட்டம் இரண்டின் இடத்திலும் 2025-ல் புதுச் சட்டங்கள் நிறைவேறியிருப்பதால் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டு அலுவலகத்தில் போய் நின்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

"அண்ணாச்சி, படகு முங்கிட்டு. மொதல்ல எங்க போயி நிக்கணும்?"

ஆள் யாராவது காணாமல் போயிருந்தால் படகை மறந்துவிடுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆட்கள் பத்திரமாக இருந்தால், படகு கிடக்கும் இடத்தைப் பொறுத்து அலுவலகம் மாறும். பெரிய துறைமுகத்தின் எல்லைக்குள், கப்பல் போகும் பாதையில் என்றால் துறைமுக நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். மீன்பிடித் துறைமுகம், இறங்குதளம், ஊர்க்கரை என்றால் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம். எந்த இடமானாலும் கடலோரக் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த ரசீதுதான் பதில்.

"எங்க கெடக்குன்னே தெரியலயே, எப்படிக் கண்டுபிடிக்க?"

கடைசியாக நின்ற இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் பெரியவர்கள் செய்கிற மாதிரி கரையில் இரண்டு அடையாளங்களை நேர்வைத்துப் பார்ப்பதுதான் வழி. உவரிக்காரர்களுக்குக் கப்பல் மாதா கோயில் ஒரு நேர் என்றால், பின்னால் தெரியும் மலை இன்னொரு நேர். ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ கருவி உள்ள படகில் அந்த இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால், சமமான தரையில் திடீரென ஒரு மேடு எழும்பிக் காட்டும்.

இடம் தெரிந்தவுடன் மிதவை கட்டி அதில் கொடி, இரவுக்கு விளக்கு. இதைச் செய்யாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். விடியற்காலை இருட்டில் கிளம்புகிற அடுத்த படகின் புரொப்பல்லர் அதில் தட்டினால் முங்கிய படகு இரண்டாகிவிடும்.

"முங்கின படகு யாருக்கும் சொந்தமில்லதானே? பாத்தவன் எடுத்துக்கிடலாம்ல?"

கிடையாது. தண்ணீருக்குள் போனதால் உடைமை மாறுவதில்லை. கைவிடப்பட்ட படகும் சட்டப்படி 'சிதைவு' என்ற கணக்கில்தான் வரும். கண்டெடுத்தவர் அதற்கென அரசு நியமித்த அதிகாரிக்குத் தகவல் தரவேண்டும். 1958 சட்டத்தில், அந்த அதிகாரியின் பொறுப்பில் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் உரிமையாளர் வந்து நிரூபித்து, மீட்புச் செலவைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

மீட்டவருக்குக் கூலி உண்டு, படகு கிடையாது. எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போவது, ஈயக்குண்டையும் வலையையும் அறுத்துக்கொண்டு போவது, இதெல்லாம் நம் ஊர்ப்பேச்சில் 'எடுத்துக்கிட்டது'. காவல் நிலையத்தில் அதற்கு வேறு பெயர்.

"என் சொந்தப் படகுதான். நானே எடுத்துக்கிட யார்ட்ட கேக்கணும்?"

ஊர்க்கரையில், யார் வழியையும் மறிக்காமல், ஆழம் குறைவாகக் கிடந்தால் பெரிய அனுமதி எதுவும் தேவைப்படாது. மீன்துறை ஆய்வாளருக்கும் ஊர்க் கமிட்டிக்கும் தகவல் சொல்லிவிட்டு எடுக்கலாம். ஆனால் அதிகாரிகளின் சேதக் கணக்கெடுப்பு முடியும் முன் எடுத்தால், எடுப்பதற்கு முன்னால் படம் பிடித்திருக்க வேண்டும். படகு எண் தெரிகிற மாதிரி ஒன்று, உடைசல் தெரிகிற மாதிரி ஒன்று, கரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று. தேதியும் இடமும் படத்திலேயே பதிகிற கேமரா செயலி இப்போது எல்லார் போனிலும் போட்டுக்கொள்ளலாம். கரைக்கு இழுத்து, பலகையை மாற்றி, பெயின்ட் அடித்துவிட்டு 'முங்கிக் கிடந்தது சார்' என்றால் எந்த அதிகாரியும் எழுதமாட்டார்.

துறைமுக எல்லை, கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல், மன்னார் வளைகுடாத் தீவுகள், இந்த மூன்று இடங்களிலும் எழுத்து அனுமதி இல்லாமல் கயிறு போடாதீர்கள்.

"புயல் போன மறுநாளே எடுத்திரலாமா, இல்ல கடல் அடங்கட்டும்னு இருக்கணுமா?"

அலை உடைகிற இடத்தில் கிடந்தால் சீக்கிரம். நம் மணற்கரையில் ஒவ்வொரு அலையும் படகின் ஒரு பக்கத்தைப் பறித்து மறுபக்கத்தில் கொட்டும். சில நாளிலேயே பாதிப் படகு மணலுக்குள் போய்விடும். ஆழத்தில் கிடந்தால் அவசரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றும் வேண்டாம், ஆனியில் தொடங்கும் கச்சான் காற்றும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்து நிற்கும்; முக்குளிக்கிறவருக்குக் கண் தெரியும்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கடலில் கிடக்கும் படகுக்குச் சரி. துறைமுகத்துக்குள் கிடக்கும் படகுக்கு அதுதான் மோசமான நேரம். எல்லா விசைப்படகும் உள்ளேயே அணைத்து அணைத்து நிற்கும்போது மிதவைக் கிரேன் திரும்ப இடம் ஏது?

"டிராக்டர் போட்டு இழுத்தா வராதாக்கும்? அதுக்குப் போயி கிரேனா?"

இந்தக் கேள்வியில்தான் படகுகள் இரண்டாகக் கிழிகின்றன. முதலில் எடையைப் புரிந்துகொள்ள வேண்டும். 30 அடி ஃபைபர் படகு வாய்வரை தண்ணீர் கோரி நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டுமே 5, 6 டன் வரும். படகு தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த எடை தெரியாது. நீரோடு நீராக நகர்ந்து வரும். 'ஏல, சும்மா வருது பாரு' என்று கரையில் நிற்பவர்கள் கத்துவார்கள். விளிம்பு மேலே தெரியும்போதுதான் மொத்த எடையும் ஒரே நேரத்தில் கயிற்றில் ஏறும். அந்த இடத்தில் டிராக்டர்காரர் இன்னும் கொஞ்சம் முறுக்கினால் முன்பக்கமான அணியம் கையோடு வந்துவிடும், பின்பக்கமான அமரம் கடலிலேயே கிடக்கும்.

ஆகவே விளிம்பு தெரிந்ததும் இழுப்பை நிறுத்துங்கள். ஓட்டையைச் சாக்கும் பலகையும் ஆப்பும் வைத்து அடையுங்கள். மோட்டார் பம்பை வைத்து, உள்ளே வருவதைவிட வேகமாக வெளியேற்றுங்கள். படகு தானே எழும்பும். அப்புறம் டிராக்டரே தேவைப்படாது, பத்துப் பேர் தோள் கொடுத்தால் போதும். சில கரைகளில் ஓதத்தை வைத்தே படகைத் தூக்குவார்கள், ஏற்றத்தில் கட்டி வற்றும்போது பலகை அடிப்பார்கள். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்த வேலை இங்கே செல்லாது.

கயிறு எங்கே கட்டுவது என்பது அடுத்தது. அணியத்து வளையத்திலும் கேபினிலும் கட்டாதீர்கள். அகலமான பெல்ட்டைப் படகின் அடிக்கட்டையான ஏராவுக்கு அடியில் கொடுத்து, அணியப் பக்கம் ஒன்று, அமரப் பக்கம் ஒன்று என்று சுற்ற வேண்டும். மணலில் புதைந்திருந்தால் பம்பு தண்ணீரைக் குழாய் வழியாகப் பீய்ச்சி, அடியில் ஒரு சுரங்கம் மாதிரி பறித்து அதில் பெல்ட்டை நுழைப்பார்கள். சேற்றில் உட்கார்ந்த படகு அடியோடு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நேராகத் தூக்காமல் ஒரு பக்கமாக மெல்ல அசைத்துக் காற்றும் தண்ணீரும் அடியில் போகவிட்டால்தான் விடும். பக்கிள் ஓடை கடலில் சேரும் திரேஸ்புரம் பக்கத்துச் சகதியில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இழுக்கும்போது கயிற்றின் நேரில் யாரும் நிற்கக்கூடாது. நைலான் கயிறு இழுபட்டு நீண்டு அறுந்தால் திரும்பி அடிக்கும் வேகத்துக்குக் கால் துண்டாகும். பெரிய இழுவைக் கப்பல்களே கயிற்றிடம் தோற்றதை நம் கரை பார்த்திருக்கிறது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளத்துக்கு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிவந்த மிதவை, இழுவைக் கயிறு அறுந்து பாறையில் போய்த் தட்டி நின்றது. வேடிக்கை பார்க்கப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர்.

"டிரம் கட்டித் தூக்குதாவளே, அது சரியா வருமா?"

வரும், கணக்குத் தெரிந்தால். 200 லிட்டர் டிரம் தன் எடை போகச் சுமார் 180 கிலோவைத் தூக்கும். மேலே சொன்ன படகுக்கு எத்தனை டிரம் என்பதை, எஞ்சினும் உடலும் தண்ணீருக்குள் எவ்வளவு கனம் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீரைச் சேர்க்கத் தேவையில்லை, ஏனென்று முந்தைய பதிலில் இருக்கிறது.

மூடிய வெறும் டிரம்மை ஆழத்துக்குக் கொண்டுபோனால் நசுங்கும். அடித்துளையைத் திறந்துவிட்டு, கீழே கட்டிய பிறகு கம்ப்ரஸரால் காற்று நிரப்ப வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் நிரப்பிய காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். துளை திறந்திருந்தால் மிச்சக் காற்று வெளியேறும், மூடியிருந்தால் டிரம் வெடிக்கும். அதே விரிவினால்தான் படகு ஆரம்பத்தில் அசையாமல் நின்று, அசைந்ததும் அம்பு மாதிரி மேலே பாயும். இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.

"நம்ம சங்குகுளி ஆளுவ இருக்காவ. அவியள விட்டுப் பாத்தா என்ன?"

தூத்துக்குடிச் சங்குகுளிக்காரர்களைப் போல அடிக்கடல் தெரிந்தவர்கள் கிடைப்பது அரிது. ஆனால் சங்கு எடுப்பது திறந்த தரையில். இது வலை சுற்றிக் கிடக்கும் படகுக்குள். முதல் முக்குளிப்பில் வலையை மட்டும் அறுத்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கையில் கத்தி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. படகுக்குக் கீழே யாரும் இருக்கும்போது மேலே தூக்கக்கூடாது.

கம்ப்ரஸர் குழாயில் மூச்சு விடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து, காற்று இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் எஞ்சின் புகை. அந்தப் புகை வாசனை தெரியாமல் உள்ளே போய் ஆளை மயக்கும். காற்று வரும் திசையில் இழுவாய், எதிர்த்திசையில் புகைபோக்கி என்று இருக்க வேண்டும். மேலே வரும்போது மூச்சை அடக்கக்கூடாது. டிரம்முக்குச் சொன்ன அதே காற்று விரிவு நெஞ்சுக்குள்ளும் நடக்கும்.

"டேங்குல டீசல் கெடக்கு. அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போவுது, என்ன இப்ப?"

எடுப்பதற்கு முன்னால் அதுதான் முதல் வேலை. டீசல் தண்ணீரைவிட லேசு, டேங்கின் மேல்பகுதியில் நிற்கும். காற்றுத் துளையை ஆப்பு வைத்து அடைத்துவிட்டால் பெரும்பாலும் கசியாது. முடிந்தால் கைப்பம்பில் மேலே உறிஞ்சி எடுங்கள். படகைச் சாய்க்கும்போது டேங்க் உடைந்தால் இறங்குதளம் முழுக்க எண்ணெய் படர்ந்து, அன்றைக்கு வந்த மீனை யாரும் ஏலம் கேட்கமாட்டார்கள். பேட்டரியையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

"எஞ்சின் பொழச்சுக்கிடுமா?"

தண்ணீருக்குள் இருந்த நாளைவிட, வெளியே எடுத்தபின் காற்றில் இருந்த மணி நேரம்தான் எஞ்சினைக் கெடுக்கும். உப்புநீர் பட்ட இரும்பில் காற்றும் பட்டால் கண்ணுக்கு முன்னாலேயே துரு ஏறும். மெக்கானிக் வரத் தாமதமானால் அவுட்போர்டு எஞ்சினைக் கரையில் போட்டு வைக்காமல் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கி வையுங்கள்.

ஆள் வந்ததும் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் விட்டுக் கையால் சுற்ற வேண்டும். எடுத்த சந்தோஷத்தில் ஸ்டார்ட்டரை இழுத்துப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது, ராடு வளைந்துவிடும்.

"ஒடஞ்ச ஃபைபரக் கரையில வச்சே கொளுத்திட்டா சோலி முடிஞ்சுதுல்லா?"

கொளுத்தாதீர்கள். ஃபைபரில் இருக்கும் பிசின் எரிந்தால் வரும் கரும்புகை நெஞ்சை அடைக்கும். கண்ணாடி இழை எரியாமல் மணலில் கிடந்து, காலில் குத்தும், காற்றில் பறக்கும். கடலோர ஒழுங்குமுறை விதிப்படி கரையில் கழிவு கொட்டுவதே குற்றம். அறுக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே, முகமூடி போட்டு, முழுக்கைச் சட்டையோடு அறுங்கள். துண்டுகளை உள்ளாட்சியிடம் பேசி லாரியில் அனுப்ப வேண்டும். மரப்படகென்றால் பலகை, ஆணி, எஞ்சின் எல்லாம் விலை போகும். ஃபைபருக்குப் பழைய சாமான் கடையில் யாரும் காசு தரமாட்டார்கள், அதனால்தான் கரையெங்கும் கிடப்பது ஃபைபராகவே இருக்கிறது.

"அப்படியே விட்டா மீன் கூடும்னு சொல்லுதாவளே?"

கொஞ்ச நாள் கூடும். செயற்கைப் பவளத்திட்டு போடுகிறவர்கள் கான்கிரீட் வார்த்து, இடம் பார்த்துப் போடுகிறார்கள். தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கவும் அப்படித்தான் போட்டார்கள். வலையும் டீசலும் பெயின்டும் தெர்மாகோலும் சேர்ந்த படகு அந்த வேலைக்கு ஆகாது. அதில் சிக்கிய வலை ஆளில்லாமலேயே மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். மேலே போகும் உங்கள் வலையும் அதில் மாட்டிக் கிழியும்.

"படகு தீவுப் பக்கம் பவளத்து மேல உக்காந்திருக்கு. என்ன செய்ய?"

தொடாதீர்கள். தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. வனத்துறைக்கு எழுதி, அவர்கள் ஆள் முன்னிலையில்தான் வேலை. அங்கே இழுப்பது கூடாது. மிதக்கவிட்டு, நேராக மேலே தூக்கி வெளியே கொண்டுவர வேண்டும்.

"எடுக்க ஆவுற செலவ யாரு கொடுப்பா?"

உரிமையாளர். கசப்பான பதில்தான். துறைமுகப் பாதையை மறித்தால் துறைமுகமே எடுத்து, விற்று, செலவைக் கழித்துக்கொள்ளும். மீதி இருந்தால் உரிமையாளருக்கு. பழைய படகில் மீதி வருவது அபூர்வம். காப்பீடு எடுத்தவர்கள் பாலிசியில் 'சிதைவு அகற்றும் செலவு' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். படகு விலை மட்டும் எழுதிய பாலிசிதான் பெரும்பாலும் கையில் இருக்கும்.

ஒரே இடத்தில் நாலைந்து படகு கிடந்தால் தனித்தனியாகக் கிரேன் பேசாமல் சங்கம் வழியாக ஒன்றாகப் பேசுங்கள். கிரேனையும் மிதவையையும் கொண்டுவந்து சேர்க்கும் கூலிதான் பெரிது. மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போதும் ஐந்து படகு, ஐந்து கையெழுத்து, ஒரே மனு என்றால் கோப்பு நகரும்.

"கப்பல் முங்குனா ஒடனே ஆள் வருது. நம்ம படகுக்கு ஏன் ஒருத்தனும் வரல?"

கேட்டவர் கோபத்தில் கேட்டார், நியாயமான கோபம்தான். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது குமரிக் கரை வரை பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. எல்லாத் துறையும் ஓடிவந்தது. பெரிய கப்பலுக்குக் காப்பீட்டுக்காரர் இருக்கிறார், யாரிடம் பணம் கேட்பது என்று தெரியும். சிதைவு அகற்றுவது பற்றிய 2007 நைரோபி உடன்படிக்கையும் 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பலுக்குத்தான் கட்டாயக் காப்பீடு கேட்கிறது. நம் வள்ளம் அந்தக் கணக்கில் எங்கும் வராது. ஒவ்வொரு ஆண்டும் உரிமக் கட்டணத்தோடு சிறு தொகை பிடித்து, மாவட்ட அளவில் அகற்றும் நிதி ஒன்று வைக்கலாம் என்பது என் கருத்து. சங்கக் கூட்டத்தில் சொன்னால் 'ஏற்கெனவே கட்டுறது காணாதா வே' என்கிறார்கள்.

"படகு வேற ஒருத்தர் பேருல இருக்கு. அவுக தவறிட்டாவ. நான் காசு கொடுத்து வாங்குனது."

பெயர் மாற்றாமல் வாங்கிய படகு நம் கரையில் எவ்வளவு என்பது முங்கும்போதுதான் தெரிகிறது. பதிவில் இருப்பவர்தான் உரிமையாளர். நிவாரணம் அவர் வாரிசுக்கு, அகற்றும் நோட்டீஸும் அவர் வாரிசுக்கு. வாரிசுச் சான்று, வாரிசுகளின் ஒப்புதல் கடிதம், நீங்கள் பணம் கொடுத்த ஆதாரம், ஊர்க் கமிட்டியின் கடிதம், இத்தனையும் சேர்த்து முதலில் பெயர் மாற்ற மனு கொடுங்கள். படகைத் தூக்குவது அதற்குப் பிறகு. வாரிசுகள் மனம் மாறுவதற்குள் ஒப்புதல் கடிதத்தை வாங்கிவிடுங்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

"நம்பர் அழிஞ்சு, ஆளும் தெரியாம வருசக்கணக்கா ஒரு படகு கெடக்கு. ஊரே சேந்து ஒடைச்சிரலாமா?"

ஊர் சேர்ந்து உடைத்தால், மறுவாரம் உரிமையாளர் எங்கிருந்தோ வந்து நிற்பார். அவருக்குப் படகு வேண்டாம், நஷ்டஈடு வேண்டும். முதலில் எஞ்சின் எண்ணையும் உட்புறத்தில் ஏதாவது குறி இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே பெயின்ட் போனாலும் எஞ்சினில் பொறித்த எண் நிற்கும். அதை மீன்வளத் துறைப் பதிவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். துறை அறிவிப்பு ஒட்டி, கெடு முடிந்து, மகஜர் (நேரில் பார்த்து எழுதும் அறிக்கை) எழுதியபின் அவர்கள் உத்தரவில் உடைக்கலாம்.

"முழுசாப் போச்சுன்னு எழுதி நிவாரணம் வாங்கிட்டேன். இப்ப படகு கெடைச்சிட்டு. ஓட்டலாமா?"

இதை எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். முழுச் சேதம் என்று எழுதிய படகின் பதிவு ரத்தாகியிருந்தால் அதை ஓட்டுவது பதிவில்லாத படகை ஓட்டுவதுதான். மானிய டீசல் கிடையாது, அடுத்த புயலில் எதுவும் கிடையாது, நடுக்கடலில் சோதனை வந்தால் காட்ட ஒரு தாள் கிடையாது. புதுப் படகுக்கு அந்த நிவாரணத்தைக் காட்டியிருந்தால் சிக்கல் இரட்டிப்பு.

கிடைத்த அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கட்டிப் பதிவை மீட்பதா, படகை உடைத்துச் சான்று வாங்குவதா என்பதை அலுவலகம் சொல்லும். எஞ்சினை மட்டும் கழற்றிப் புதுப் படகில் மாட்டுவதானாலும் அந்த எஞ்சின் எண்ணைப் புதுப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள்.